புகைக்கு விலையும் ஏழை வீட்டுக் கணக்கும்

“காற்றுக்கும் விலை வைத்துவிட்டார்களாமே!” என்று ஏளனமாகச் சொல்வோர் உளர். சிங்கப்பூரில் கரிம வரி ஏறுகிறது என்னும் செய்தி வரும்போதெல்லாம் காப்பிக்கடை மேசையில் இவ்வாசகம் ஒரு முறையேனும் காதில் விழும். சொல்வோர் நகைச்சுவைக்காகவே சொல்கின்றனர். ஆயினும் அதனுள் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்து கிடக்கின்றது. விலை வைக்கப்படுவது நாம் மூச்சிழுக்கும் காற்றுக்கு அன்று. அக்காற்றிலே கழிவைக் கொட்டும் செயலுக்கே விலை வைக்கப்படுகின்றது. வீட்டுக் குப்பையை அள்ளிச் செல்வதற்குப் பணம் செலவாகும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆலையின் புகைபோக்கியிலிருந்து எழுந்து வானில் கலக்கும் குப்பைக்கு மட்டும் நெடுங்காலம் எவரும் கணக்குக் கேட்கவில்லை என்பதே வியப்புக்குரியது.

நம் மலேசிய அரசாங்கமும் 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் வைத்த வரவு செலவுத் திட்டத்தில், இரும்பு, எஃகு, எரிசக்தி ஆகிய தொழில்களின்மீது 2026ஆம் ஆண்டுக்குள் கரிம வரி விதிக்கக் கருதியிருப்பதாக அறிவித்தது. ஆதலின் இது இனி ஐரோப்பியரின் ஆராய்ச்சிப் பொருள் மட்டும் அன்று. மாணவர் கேட்பர், பள்ளிக்கு வரும் பெற்றோரும் கேட்பர். கேட்போருக்கு விடை கூற வேண்டிய ஆசிரியர், இவ்வரி எவ்வாறு வேலை செய்கின்றது, எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அறிந்திருத்தல் நலம். வரியின் அளவைப் பற்றித்தான் யாவரும் வாதிடுகின்றனர். ஆனால், பல நாடுகளின் வரலாற்றைப் பார்க்குங்கால், வசூலாகும் பணம் யாரிடம் திரும்பிப் போகிறது, அப்படிப் போவதைப் பெறுபவர் உணர்கின்றனரா என்பதே இவ்வரியின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்திருக்கின்றது என்பது என் கருத்து. அதனைக் காரணங்களோடு கூற முயல்கின்றேன்.

பிகூ என்னும் பேராசிரியர்

இவ்வெண்ணத்தின் மூலவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆர்தர் பிகூ. 1920இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில் அவர் ஒரு சிறு செய்தியைச் சுட்டினார். அக்காலத்துப் புகைவண்டியின் இயந்திரத்திலிருந்து தீப்பொறிகள் பறக்கும். அவை பாதையோரத்துக் காட்டில் விழுந்து மரங்களை எரிக்கும். மரம் இழந்தவனுக்குப் புகைவண்டிக் கம்பெனி ஈடு கொடுப்பதில்லையானால், அந்த இழப்பு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. கம்பெனி கரிக்குப் பணம் கொடுக்கின்றது. கூலிக்குப் பணம் கொடுக்கின்றது. எரிந்த மரத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஆகவே பயணச் சீட்டின் விலை உண்மையான செலவைவிடக் குறைவாக இருக்கின்றது. விலை குறைவாக இருப்பதால் வண்டிகள் வேண்டியதற்கும் மிகுதியாக ஓடுகின்றன. பெருநகரங்களின் ஆலைப் புகையையும் அவர் இவ்வாறே எடுத்துக் காட்டினார். அப்புகையால் துணி அழுக்காகும், சுவர் கறுக்கும், நோய் பெருகும். ஆனால் சலவைக் கூலி ஆலை முதலாளியின் கணக்கில் வாராது.

இதனை நம் தமிழில் ‘புறவிளைவு’ எனலாம். கொடுப்பவன், வாங்குபவன் ஆகிய இருவருக்கும் புறத்தே நிற்கும் மூன்றாமவன்மேல் விழும் விளைவு அது. அந்த விளைவின் அளவுக்கு ஒரு வரி விதித்தால், மறைந்திருந்த செலவு கணக்கில் ஏறிவிடும் என்பது பிகூவின் முடிவு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1960இல், ரொனால்டு கோஸ் என்பவர் இதனை மறுத்து, பாதிக்கப்பட்டவனும் பாதித்தவனும் தம்முள் பேரம் பேசித் தீர்த்துக் கொள்ளலாமே என்று எழுதினார். பேரம் பேசுவதற்குச் செலவில்லை என்றால் அது நடக்கும் என்பதே அவர் வாதத்தின் உட்பொருள். ஓர் ஆற்றங்கரையின் இரு குடும்பங்களுக்கு அது பொருந்தலாம். உலகத்து மக்கள் யாவரும் ஒரு புறமும், இன்னும் பிறவாத தலைமுறைகள் மறுபுறமும் நிற்கும் வழக்கில் யார் யாரோடு பேரம் பேசுவது? ஆதலின் கரியமில வாயுவைப் பொறுத்தவரை பிகூவின் வழியே நிலைத்தது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை

வரியைக் கணக்கிடும் அளவுகோல் ‘ஒரு டன் கரியமில வாயு’ என்பது. இது எவ்வளவு என்று மனக்கண்ணில் காண்பது கடினம். ஆகவே ஒரு சிறு கணக்கைக் காண்போம். ஆறாம் ஆண்டு மாணவனிடம் கொடுத்தால் முதலில் நம்பமாட்டான், பிறகு மறக்கமாட்டான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை உடையது. அதனை எரித்தால் வெளிப்படும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ. எரித்த பொருளைவிட எரிந்து வந்த புகை மும்மடங்கு கனமாக இருப்பது எங்ஙனம்? பெட்ரோலில் உள்ள கரிமம், காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக் கொள்கின்றது. கரிமத்தின் அணு எடை 12. ஆக்சிஜனின் அணு எடை 16. ஒரு கரிமத்தோடு இரண்டு ஆக்சிஜன் சேர 12 என்பது 44 ஆகின்றது. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்ததே.

இனி, டன் ஒன்றுக்கு 50 வெள்ளி என ஒரு வரி இருப்பதாக வைத்துக் கொள்வோம். இக்கட்டுரை முழுவதும் இந்த 50 வெள்ளியையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். இது எந்த அரசாங்கமும் அறிவித்த தொகை அன்று. அப்போது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வரி 11½ காசு. தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளிப்படுகின்றது. நம் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது என்பதே காரணம். மாதம் 200 யூனிட் செலவிடும் ஒரு சிறு வீட்டுக்கு 150 கிலோ ஆகின்றது. வரி 7 வெள்ளி 50 காசு. இந்த ஏழரை வெள்ளியை நினைவில் வைத்துக் கொள்க, பின்னர் வேண்டும்.

கட்டளையைவிட விலை ஏன் மலிவு?

“வரி எதற்கு? புகையைக் குறை என்று சட்டம் போட்டால் போதாதா?” என்று கேட்பது நியாயமே. சட்டமும் வேண்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆலைகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் ஆலை, பழைய கொதிகலனைச் சீர் செய்தாலே டன்னுக்கு 20 வெள்ளிச் செலவில் புகையைக் குறைக்க முடியும். இரண்டாம் ஆலை ஏற்கெனவே நல்ல இயந்திரம் உடையது. மேலும் குறைக்க டன்னுக்கு 80 வெள்ளி ஆகும். ஒவ்வோர் ஆலையும் 100 டன் குறைக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டால், மொத்தச் செலவு 2,000மும் 8,000மும் சேர்ந்து 10,000 வெள்ளி. இதற்குப் பதிலாக 50 வெள்ளி வரி விதித்தால் என்ன ஆகும்? முதல் ஆலை, வரி கட்டுவதைவிடக் குறைப்பதே இலாபம் என்று கண்டு, முடிந்த வரையில் குறைக்கும். இரண்டாம் ஆலை வரியைக் கட்டிவிடும். முதல் ஆலையே 200 டன்னையும் குறைத்துவிடுமாயின் நாட்டுக்கு ஆகும் உண்மைச் செலவு 4,000 வெள்ளிதான். வானத்துக்கு எந்தப் புகைபோக்கி என்ற வேற்றுமை இல்லை.

எந்த ஆலையில் எது மலிவு என்பதை எந்த அதிகாரியும் சுற்றுலாச் சென்று கண்டறிய வேண்டுவதில்லை என்பதே இதன் சிறப்பு. அந்த அறிவு ஆலைக்குள்ளேயே இருக்கின்றது. விலை அதனை வெளியே கொண்டுவருகின்றது.

இதற்கு மற்றொரு வடிவமும் உண்டு. கனடா நாட்டுப் பொருளியலாளர் டேல்ஸ் 1968இல் கூறிய வழி அது: மொத்தம் இவ்வளவு டன் மட்டுமே வெளிவிடலாம் என்று அரசாங்கம் எல்லை கட்டி, அதற்குரிய அனுமதிச் சீட்டுகளை வெளியிடும், ஆலைகள் அவற்றைத் தம்முள் விற்கும், வாங்கும். வரியில் விலை உறுதி, அளவு உறுதியில்லை. சீட்டில் அளவு உறுதி, விலை உறுதியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் சீட்டு முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில் சீட்டுகளைப் பெரும்பாலும் இலவசமாக அள்ளிக் கொடுத்தனர். தேவைக்கும் மிகுதியாகக் கொடுத்துவிட்டமையால் 2007இல் சீட்டின் விலை ஏறக்குறையச் சுழியத்துக்கு இறங்கிற்று. அதனினும் வேடிக்கை ஒன்று உண்டு. விலை இருந்த காலத்தில், இலவசமாகச் சீட்டுப் பெற்ற மின்சாரக் கம்பெனிகள், விலை கொடுத்து வாங்கியது போலவே அச்சீட்டின் மதிப்பை மக்களின் மின்கட்டணத்தில் ஏற்றி இலாபம் பார்த்தன. எல்லையை இறுக்கி, மிகைச் சீட்டுகளைச் சந்தையிலிருந்து விலக்கிய பின்னரே அம்முறை வலுப்பெற்றது. 2023 பிப்ரவரியில் ஒரு டன்னின் விலை 100 யூரோவைத் தாண்டியது.

குட்டையும் குமிழியும்

விலை உறுதியாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பா வரையில் போக வேண்டுவதில்லை. நம் செம்பனை ஆலைகளே சான்று.

செம்பனை ஆலைக்கு அண்மையில் வாழ்ந்தவர்க்கு அதன் கழிவுநீர்க் குட்டைகள் தெரிந்திருக்கும். பழுப்பு நிறமான நீர் நாள் கணக்கில் தேங்கி நிற்கும். மேலே குமிழிகள் எழுந்து உடையும். காற்றடிக்கும் திசையில் நாற்றம் வரும். அக்குமிழிகளில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் வல்லமை உடையது. குட்டையை மூடி, வாயுவைப் பிடித்து எரித்தாலே கேடு பெருமளவு தணியும். அதைக் கொண்டு மின்சாரம் எடுத்தால் இரட்டைப் பயன். ஆனால் மூடி, குழாய், இயந்திரம் யாவற்றுக்கும் முதல் வேண்டுமே!

1997இல் உருவாகி 2005இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கையில் இதற்கு ஒரு வழி இருந்தது. வளரும் நாட்டு ஆலை ஒன்று புகையைக் குறைத்தால், குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்றிதழ் பெற்று, அதனைப் பணக்கார நாடுகளுக்கு விற்கலாம். மலேசியச் செம்பனை ஆலைகள் பலவும் இத்திட்டத்தில் பதிந்து கொண்டன. 2008இல் ஒரு சான்றிதழின் விலை 20 யூரோவையும் தாண்டியிருந்தது. பின்னர் ஐரோப்பாவில் தொழில் மந்தம் வந்தது, சான்றிதழ்கள் பெருகின, அவற்றை ஏற்பதற்கு ஐரோப்பா கட்டுப்பாடுகளும் விதித்தது. 2012இன் இறுதியில் விலை ஒரு யூரோவுக்கும் கீழே போயிற்று. இருபது யூரோவை நம்பி முதல் போட்டவனுக்கு இருபது வெள்ளி கூடக் கிடைக்காத நிலை. நாளை விலை என்னவென்று தெரியாதவன் இன்று இயந்திரம் வாங்கமாட்டான். நம் நாட்டில் 2014 முதல், புதிய ஆலைகளும் விரிவாக்கம் கோரும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. விலை கைவிட்ட இடத்தில் கட்டளை வந்து நின்றது எனலாம். விலையைப் புகழ்ந்து எழுதும் பொருளியலார் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்து செல்வதை நான் கண்டிருக்கின்றேன்.

எவ்வளவு விலை சரியான விலை?

பிகூவின் கூற்றுப்படி, வரி கேட்டின் அளவுக்குச் சமமாக இருத்தல் வேண்டும். இன்று வெளிவிடும் ஒரு டன் புகையின் கேடோ நூறாண்டு, இருநூறாண்டு நீளும். வருங்காலத்துக் கேட்டை இன்றைய வெள்ளியில் எங்ஙனம் அளப்பது? இங்கேதான் பெரும் பொருளியலாளர்களே பிரிந்து நிற்கின்றனர்.

வகுப்பில் கூட்டு வட்டி கற்பிக்கின்றோம் அல்லவா? அதனையே திருப்பிப் போட வேண்டும். நூறாண்டுக்குப் பின் 1,000 வெள்ளி இழப்பு நேரப் போகின்றது. அதனை ஈடுசெய்ய இன்று எவ்வளவு ஒதுக்கி வைத்தால் போதும்? வட்டி ஆண்டுக்கு 1.4 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 250 வெள்ளி வேண்டும். 4 விழுக்காடு என்றால் 20 வெள்ளி போதும். ஒரே இழப்பு, வட்டி விகிதம் மட்டும் வேறு, விடை பன்னிரண்டு மடங்கு வேறுபடுகின்றது! பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக 2006இல் அறிக்கை எழுதிய நிக்கலஸ் ஸ்டெர்ன் கொண்டது ஏறத்தாழ 1.4 விழுக்காட்டை ஒட்டிய விகிதம். ஆதலின் உடனே பெருமளவில் செயல்பட வேண்டும் என்றார். 2018இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்கர் வில்லியம் நார்டுஹௌஸ் சந்தையின் வட்டியை ஒட்டிய உயர்ந்த விகிதத்தைக் கொண்டார். ஆதலின் சிறு வரியில் தொடங்கி மெல்ல உயர்த்தலாம் என்றார். இருவரும் வெப்பம் ஏறுவதைப் பற்றி மாறுபடவில்லை. பேரனின் ஒரு வெள்ளியை நம் ஒரு வெள்ளிக்குச் சமமாக எண்ணலாமா என்பதிலேதான் மாறுபட்டனர். இது கணிதக் கேள்வி போலத் தோன்றும் அறக் கேள்வி.

அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கும் இதனால் ஆடிற்று. 2021இல் ஒரு டன்னின் கேடு 51 டாலர் எனக் கொள்ளப்பட்டது. 2023இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, வட்டி விகிதத்தை 2 விழுக்காடாகத் தாழ்த்தியும் கேடுகளைப் புதிதாக மதிப்பிட்டும் 190 டாலர் என்றது. இத்தகைய ஆட்டத்தைக் கண்டு, கணக்கே பொய் என்று தள்ளிவிடுதல் தகாது. மேலே கண்ட கணக்குகளுள் எதுவும் கேடு சுழியம் என்று கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரியில்லாத நாடு, தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சுழியத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றது.

பணம் போன வழி

இனி, தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு வருவோம்.

சுவீடன் 1991இல் டன் ஒன்றுக்கு 250 குரோனர் என்ற அளவில் கரிம வரியைத் தொடங்கியது. அது இன்று 1,300 குரோனருக்கும் மேலே உயர்ந்து உலகின் மிகப் பெரிய கரிம வரிகளுள் ஒன்றாக நிற்கின்றது. அந்நாட்டின் பொருளாதாரமோ தேயவில்லை, வளர்ந்தே இருக்கின்றது, வெளிவிடும் வாயுவோ 1990இல் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மக்கள் ஏன் பொறுத்தனர்? இவ்வரி வந்த அதே சீர்திருத்தத்தில் அவர்களுடைய வருமான வரி கணிசமாகக் குறைக்கப்பட்டது. தவிரவும், வீடுகளுக்கு வெந்நீர் தரும் பொது நிலையங்கள் எண்ணெயை விட்டு மரக் கழிவுக்கு மாறின. வரி கட்டாமல் தப்பிக்க நேர்மையான வழி ஒன்று கண்முன் இருந்தது.

பிரான்சு இதற்கு நேர் எதிர். அங்கும் வரி ஆண்டுதோறும் ஏறி 2018இல் டன்னுக்கு 44 யூரோ 60 ஆயிற்று. அடுத்த ஆண்டு மேலும் ஏறவிருந்தது. பணமோ பெரும்பாலும் அரசாங்கத்தின் பொதுக் கணக்கில் கலந்தது. நகரத்தில் வாழ்வோர்க்கு நிலத்தடி இரயில் உண்டு. சிற்றூரிலிருந்து நாள்தோறும் நெடுந்தூரம் காரோட்டி வேலைக்குச் செல்வோர்க்கு வேறு வழி இல்லை. அதே காலத்தில் பெருஞ்செல்வர் மீதிருந்த சொத்து வரி தளர்த்தப்பட்டது. 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் மேற்சட்டை அணிந்தோர் சாலைச் சந்திப்புகளில் திரண்டனர். அரசாங்கம் வரி உயர்வை நிறுத்தி வைத்தது. வானத்தைப் பற்றிய கோபம் அன்று அது. கணக்கைப் பற்றிய கோபம்.

பணத்தை மக்களுக்கே சமமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? இது பொருளியலார் பலரும் விரும்பும் வழி. இதன் கணக்கு எளிது. ஏழை வீடு ஒன்று ஆண்டுக்கு 3 டன், செல்வர் வீடு ஒன்று 12 டன் வெளிவிடுகின்றன என்போம். 50 வெள்ளி வரியில் முன்னது 150 வெள்ளியும் பின்னது 600 வெள்ளியும் கட்டும். மொத்தம் 750. அதனைச் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 375. ஏழை வீட்டுக்கு 225 வெள்ளி மிச்சம். செல்வர் வீட்டுக்கு அதே அளவு குறைவு. விலை மட்டும் இருவருக்கும் உயர்ந்தே நிற்கின்றது. ஆதலின் குறைக்கும் தூண்டுதல் இருவருக்கும் உண்டு. ஒரு காசும் திருப்பித் தராவிட்டாலோ, 150 வெள்ளி ஏழையின் வருவாயில் பெரும் பங்கு. 600 வெள்ளி செல்வரின் வருவாயில் சிறு துளி.

இவ்வளவு நேர்த்தியான கணக்கைக் கொண்டு கனடா 2019இல் தொடங்கியது. டன்னுக்கு 20 கனடா டாலர், 2024இல் 80. வசூலில் பத்தில் ஒன்பது பங்கு வீடுகளுக்குத் திரும்பிச் சென்றது. எரிபொருளுக்கு நேரடியாகக் கட்டுவதைவிட மிகுதியான தொகையைப் பெரும்பாலான குடும்பங்கள் திரும்பப் பெறுகின்றன என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகமும் கணக்கிட்டது. ஆயினும் அது நிலைக்கவில்லை. எண்ணெய் நிலையத்தில் விலை ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஓசையின்றி வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. தமக்குப் பணம் வருகின்றது என்பதையே பலர் அறியவில்லை. எதிர்க்கட்சி இவ்வரியை ஒழிப்போம் என்றே ஊர் ஊராகப் பேசிற்று. இறுதியில் ஆளுங்கட்சியின் புதிய பிரதமர் மார்க் கார்னியே 2025 ஏப்ரல் 1 முதல் மக்கள் கட்டும் பகுதியை நீக்கிவிட்டார். பெருந்தொழில்கள் மீதான விலை மட்டும் எஞ்சியது. ஆஸ்திரேலியா 2012இல் தொடங்கி 2014இல் நீக்கிய கதையும் ஏறக்குறைய இத்தகையதே.

பணம் திரும்பினால் மட்டும் போதாது, திரும்பியது தெரியவும் வேண்டும் என்பதைக் கனடா காட்டிற்று. கொடுத்ததைச் சொல்லிக் காட்டலாகாது என்பது நம் வீட்டு நாகரிகம். அரசாங்கத்தின் வரிக் கணக்குக்கு அது ஒவ்வாது போலும்.

அண்டை நாடும் நம் நாடும்

சிங்கப்பூர் 2019இல் தொடங்கிய போது டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளிதான். 2024இல் 25; 2026இல் 45; 2030க்குள் 50 முதல் 80 வரை என்று பல ஆண்டுகள் முன்னதாகவே அறிவித்துவிட்டது. முன்னதாக அறிவித்தமைதான் இதில் பெரிதும் பாராட்டத்தக்கது. செம்பனைக் குட்டைகளின் கதையை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளிவிடும் பெரிய நிலையங்கள் மட்டுமே நேரே வரி கட்டுகின்றன. மின் நிலையங்களும் அவற்றுள் அடங்குவதால், பாரம் மின்கட்டணத்தின் வழியாக வீட்டுக்கும் வருகின்றது. 25 வெள்ளி வரியால் நாலறை அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கமே முன்னர்க் கூறி, மின்கட்டணத்தில் கழிக்கப்படும் பற்றுச்சீட்டை உயர்த்தியது. பாரம் எந்தக் காகிதத்தில் வருகின்றதோ அதே காகிதத்தில் கழிவும் வருகின்றது. ஏற்றுமதிக்காகப் போட்டியிடும் பெருந்தொழில்களுக்கு வரிச் சலுகை தரப்படுவது குறையாகக் கூறப்படுகின்றது; அக்குறையில் நியாயம் உண்டு.

மலேசியாவின் நிலையோ வேறு. இங்கே வரி விதிப்பதற்கு முன்னரே விலை ஒன்று இருந்தது. ஆனால் அது தலைகீழான விலை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியம் மாற்றப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசு ஆயிற்று. வேற்றுமை 1 வெள்ளி 20 காசு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. கணக்கிட்டுப் பார்த்தால், அதுகாறும் ஒரு டன் புகைக்கு ஏறத்தாழ 440 வெள்ளி அரசாங்கமே கொடுத்து வந்தது என்று ஆகின்றது! 50 வெள்ளி வரியைக் கண்டு அஞ்சுவோர் இந்த 440 வெள்ளியை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மானியத்தில் பெரும் பங்கு யாருக்குப் போயிற்று என்பது சொல்லாமலே விளங்கும்: மிகுதியாக எரித்தவர்க்கே. மாற்றம் வந்தபோது தகுதியுடையோர்க்கு மாதம் 200 வெள்ளி ரொக்கமாகத் தரப்பட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் பெட்ரோலுக்கு வந்த மாற்றத்தில், குடிமக்கள் தம் அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு வாங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகவே, குறிப்பிட்ட மனிதரிடம் குறிப்பிட்ட நன்மையைக் கொண்டு சேர்க்கும் வழி நம் நாட்டில் இல்லை என்று இனி எவரும் கூற இயலாது.

இரும்பு, எஃகிலிருந்து ஏன் தொடங்குகின்றனர் என்பதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம், 2026 ஜனவரி 1 முதல், இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலியவற்றின் உற்பத்தியில் வெளியான புகைக்குத் தன் எல்லையில் விலை கேட்கத் தொடங்கியது. பொருள் உண்டான நாட்டிலேயே கரிம விலை கட்டப்பட்டிருந்தால் அதனைக் கழித்துக் கொள்ளும். எனவே, ஐரோப்பாவுக்குப் போகும் எஃகின்மேல் நாம் வசூலிக்காத பணம் வேறொருவர் கருவூலத்துக்குப் போகும். அவ்வகையில் நம் அரசாங்கம் வரியைக் கருதியது அறிவுடைமையே.

ஆனால் ‘எரிசக்தி’ என்ற சொல் எஃகு போன்றதன்று. மின் நிலையத்தின்மேல் விழும் வரி கட்டண விதிகளின் வழியாக வீட்டு விளக்கு வரையில் வரக்கூடும். முன்னே கண்ட ஏழரை வெள்ளி இங்கேதான் வருகின்றது: 50 வெள்ளி வரி முழுவதும் கட்டணத்தில் ஏறினால் சிறு வீட்டுக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழும் குடும்பத்துக்கு, 90 வெள்ளி என்பது இரு பிள்ளைகளின் பள்ளிக் காலணியும் புத்தகப் பையும். 2024 அக்டோபர் அறிவிப்பு, வரிப் பணம் பசுமை ஆராய்ச்சிக்கும் தொழில்நுட்பத் திட்டங்களுக்கும் பயன்படும் என்று கூறியது. ஆராய்ச்சி நல்லதே. ஆயினும் சுவீடனில் வரி குறைந்தது வருமானச் சீட்டில் தெரிந்தது. சிங்கப்பூரில் கழிவு மின்கட்டணச் சீட்டில் தெரிகின்றது. நம் அறிவிப்பில், அந்த 90 வெள்ளி எந்தச் சீட்டில் திரும்பி வரும் என்பதற்கு ஒரு வரியும் இடம் பெறவில்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எவரேனும் கரிம வரியைப் பற்றிக் கேட்டால், டன்னுக்கு எத்தனை வெள்ளி என்பதோடு இக்கேள்வியையும் சேர்த்தே அவர்களுக்கு விளக்குவேன்.